3,500 கிலோ என்ற எண்ணுக்குப் பின்னால்: பெரிய சொகுசு எஸ்யூவியில் கேரவன் இழுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

இந்தியாவில் லேண்ட் குரூசரைப் பார்ப்பவர்களுக்கு அது செல்வாக்கின் அடையாளம். ஆஸ்திரேலியாவில் அதே வண்டியின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தால், அது எதற்காக வாங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். பம்பருக்குக் கீழே ஒரு கனமான இரும்புச் சட்டம், அதன் நுனியில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை, பக்கத்தில் மின் இணைப்புக்கான செருகி. மூன்று டன் எடையுள்ள கேரவனை (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை) அந்த உருண்டையில் மாட்டிக்கொண்டு, கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்வருவது அங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நம்பித்தான் டொயோட்டா லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல், லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர் போன்ற பெரிய வண்டிகளுக்கு அங்கே ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள்.

இந்த வண்டிகள் எல்லாவற்றின் விளம்பரத்திலும் 3,500 கிலோ இழுக்கும் என்ற ஒரே எண்தான் இருக்கிறது. முதன்முறையாக வாங்குபவர்கள் அந்த எண்ணைப் பார்த்து, "என் கேரவன் 3,200 கிலோதான், ஆகவே கவலையில்லை" என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் அரைகுறையானது. ஒரு வண்டியின் இழுவைத் திறன் என்பது ஒன்றோடொன்று பிணைந்த நான்கைந்து வரம்புகளின் தொகுப்பு. அவற்றுள் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுவே உண்மையான எல்லை. பெரிய சொகுசு எஸ்யூவிகளில் முதலில் தீர்ந்துபோவது 3,500 கிலோ என்னும் வரம்பு அன்று. வண்டியே சுமக்கக்கூடிய எடையின் வரம்பு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஆகவே 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த லேண்ட் குரூசர் 300 வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வரம்புகள் என்னென்ன

வண்டியில் ஆளோ பொருளோ ஏற்றாமல், எரிபொருள் தொட்டி மட்டும் நிறைந்த நிலையில் இருக்கும் எடை, வெற்று எடை எனப்படும். ஆட்கள், பெட்டிகள், கூடுதலாகப் பொருத்திய சாதனங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய உச்ச எடையை அங்கே ஜிவிஎம் என்கிறார்கள். லேண்ட் குரூசர் 300க்கு அது 3,280 கிலோ. வண்டியும் அது இழுத்துச் செல்லும் கேரவனும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை ஜிசிஎம்; இந்த வண்டிக்கு 6,750 கிலோ. கேரவனுக்குத் தனியாகப் பிரேக் இல்லையென்றால் 750 கிலோ வரைதான் இழுக்கலாம். பிரேக் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். இவை போக, கேரவனின் முன்பகுதி வண்டியின் உருண்டைமீது கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கும் 350 கிலோ என்ற வரம்பு இருக்கிறது. இந்த அழுத்தும் எடையைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேரவனின் எடை முழுவதும் அதன் சக்கரங்கள்மீதே நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி, ஆஸ்திரேலியக் கேரவன்களில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு, உருண்டை வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்குகிறது. 3,200 கிலோ கேரவன் என்றால் சுமார் 320 கிலோ. அந்த 320 கிலோவும் வண்டிக்குள் ஏற்றிய சரக்காகவே கருதப்படும். அதாவது, ஜிவிஎம் கணக்கில் அது சேர்ந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். லேண்ட் குரூசர் 300 வரிசையில் உயர்ந்த சொகுசு வகைகளுள் ஒன்றான சஹாராவின் வெற்று எடை சுமார் 2,630 கிலோ. 3,280இல் அதைக் கழித்தால் 650 கிலோ மிஞ்சுகிறது. உருண்டைமீது இறங்கும் 320 கிலோவைக் கழித்தால் 330. பெரியவர்கள் இருவர், வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொண்டால் அவர்களுக்கு 230 கிலோ அளவில் போய்விடும். எஞ்சிய 100 கிலோவுக்குள், கங்காரு மோதலுக்கு அஞ்சி முன்னால் பொருத்திய எஃகுத் தடுப்பு, பின்பகுதியில் வைத்த குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி, கருவிப்பெட்டி ஆகிய எல்லாம் அடங்க வேண்டும். எஃகுத் தடுப்பு ஒன்றே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கூரைமேல் ஒரு கூடாரத்தையும் கட்டினால், கேரவனின் எடை 3,500 கிலோவைத் தொடுவதற்கு வெகு முன்னதாகவே வண்டி தன் வரம்பைத் தாண்டியிருக்கும்.

சஹாராவில் ஏழு இருக்கைகள் உண்டு. ஏழு பேரும் அமர்ந்தால், சராசரியாக 70 கிலோ என்று கொண்டாலும் 490 கிலோ. அதனுடன் 320 சேர்ந்தால் 810. வண்டி தாங்குவதோ 650. ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு பெரிய கேரவனையும் இழுக்கலாம் என்று எண்ணி இந்த வண்டியை வாங்கும் குடும்பம், ஒரு பைகூட ஏற்றாமலேயே சட்டத்தை மீறியிருக்கும். இரண்டு வசதிகளும் வண்டியில் உண்மையாகவே இருக்கின்றன; ஒரே பயணத்தில் இரண்டையும் பயன்படுத்த முடியாது என்பதுதான் வாங்குபவர் அறிய வேண்டியது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. அதே வரிசையில் விலை குறைந்த ஜிஎக்ஸ் வகையின் வெற்று எடை சுமார் 2,495 கிலோ. எஞ்சின், கியர்பெட்டி, அடிச்சட்டம், ஜிவிஎம் எல்லாம் ஒன்றே. ஆனால் தோல் இருக்கை, மின்விசையில் மடங்கும் மூன்றாம் வரிசை, பெரிய ஒலியமைப்பு போன்றவை இல்லாததால் அது 785 கிலோ வரை சுமக்கிறது. சொகுசு ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. அந்த எடை சுமக்கும் திறனிலிருந்தே கழிகிறது. அறிமுகமானபோது ஜிஎக்ஸின் விலை 89,990 டாலர். வரிசையின் உச்சியிலிருந்த சஹாரா இசட்எக்ஸின் விலை 1,38,790 டாலர், பதிவுக் கட்டணங்கள் தனி. கேரவன் இழுப்பதே முதன்மை நோக்கம் என்றால், ஏறத்தாழ 48,800 டாலர் கூடுதலாகக் கொடுப்பவர் இழுவைத் திறனில் ஒரு கிலோகூடக் கூடுதலாகப் பெறுவதில்லை.

உருண்டை இருக்கும் இடம்

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இறங்குகிறது என்பதும் முக்கியம். உருண்டை பின்சக்கர அச்சுக்குப் பின்னால், சற்றுத் தள்ளித் துருத்திக்கொண்டிருக்கிறது. சிறுவர்கள் விளையாடும் சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புவதைப்போல, உருண்டைமீது எடை இறங்கும்போது பின்சக்கர அச்சு தாங்குபுள்ளியாகி, வண்டியின் முன்பகுதி இலேசாக எழும்புகிறது. லேண்ட் குரூசரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,850 மில்லிமீட்டர். உருண்டை பின் அச்சிலிருந்து 1,250 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 320 கிலோ அழுத்தும்போது முன்சக்கரங்களிலிருந்து 140 கிலோ குறைகிறது. பின்சக்கரங்களில் 460 கிலோ கூடுகிறது. உருண்டைமீது வைத்ததோ 320. பின் அச்சு உணர்வதோ 460.

முன்சக்கரங்களில் எடை குறைந்தால் ஸ்டீயரிங்கின் பிடிப்பும், முன் பிரேக்குகளின் வலுவும் அதே அளவில் குறைகின்றன. இரவில் முகப்பு விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின்பகுதி தாழ்ந்து, முன்பகுதி தூக்கிக்கொண்டு ஓடும் வண்டியை நெடுஞ்சாலையில் பார்த்தாலே, அதன் எடைகள் சரியாகக் கணக்கிடப்படவில்லை என்று சொல்லிவிடலாம். இதைச் சரிசெய்ய எடைப் பகிர்வுக் கொக்கி என்ற ஒன்று இருக்கிறது. இழுப்புச் சட்டத்திலிருந்து கேரவனின் சட்டம்வரை நீளும் இரண்டு வில்தண்டுகள் இறுக்கப்படும்போது, எடையின் ஒரு பகுதியை அவை முன்சக்கரங்களுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் இதனால் உருண்டையின் வரம்பும் ஜிவிஎம்மும் கூடிவிடுவதில்லை. காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில், உயரத்தைத் தானே சமன்செய்துகொள்ளும் அமைப்போடு இந்தக் கொக்கி முரண்படக்கூடும் என்பதால், பொருத்துவதற்கு முன் வண்டியின் கையேட்டைப் பார்ப்பது கட்டாயம்.

பெரிய எஸ்யூவியின் உண்மையான மதிப்பு தெரியத் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். ஆஸ்திரேலியாவில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரட்டைக் கேபின் பிக்கப் வண்டிகள் பலவற்றுக்கும் அதே 3,500 கிலோ என்ற எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றின் எடை பெரும்பாலும் 2,100, 2,200 கிலோ அளவில்தான் இருக்கிறது. சரக்குத் தட்டு நீளமாக இருப்பதால் உருண்டை பின் அச்சிலிருந்து இன்னும் தள்ளி நிற்கிறது. 3,200 கிலோ கேரவன் தன்னைவிட ஒரு டன் குறைவான வண்டியின் பின்னால், நீண்ட நெம்புகோலின் நுனியில் இருக்கும்போது, யார் யாரை நடத்துகிறார்கள் என்பது ஒவ்வொரு வளைவிலும் கேள்வியாகிவிடுகிறது. எஸ்யூவியின் கூடுதல் எடையும், பின் அச்சுக்கு அருகிலேயே நிற்கும் உருண்டையும் அந்தக் கேள்வியைப் பெருமளவு தணிக்கின்றன. விலையில் நியாயமான பகுதி எது என்று என்னைக் கேட்டால், தோல் இருக்கையைவிட இதையே சொல்வேன்.

கேரவன் ஆடத் தொடங்கினால்

கேரவன் இழுப்பவர்கள் மிகவும் அஞ்சுவது பக்கவாட்டு ஆட்டத்தை. பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போதோ, பள்ளத்தாக்கின் குறுக்கே காற்று வீசும்போதோ, கேரவனின் பின்பகுதி இலேசாக ஒருபுறம் நகர்ந்து, மறுபுறம் திரும்பி, மறுபடியும் நகரும். குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் தானாகவே அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அது அடங்குவதற்கான போக்கு குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் கேரவன் இழுக்கும் வண்டியையே சுழற்றிவிடும்.

அந்த ஆபத்தான வேகம் எவ்வளவு என்பது பெரும்பாலும் கேரவனுக்குள் பொருள்களை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்தது. கனமான பொருள்கள் சக்கர அச்சுக்கு அருகிலேயே, தரையோடு ஒட்டித் தாழ்வாக இருந்தால் கேரவன் நிலையாக ஓடும். பின்பக்கத்தில் இரண்டு மிதிவண்டிகளையும் கருவிப்பெட்டியையும் மாட்டிவிட்டால் இரண்டு தீங்குகள் சேர்ந்தே வருகின்றன. உருண்டைமீது இறங்கும் எடை குறைகிறது. அதோடு, ஆட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அந்தக் கோடியிலிருக்கும் எடை அதை நிறுத்தவிடாமல் வீசுகிறது. வண்டியின் ஜிவிஎம் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக உருண்டை எடையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கேரவனின் பின்பகுதியில் பொருளை அடுக்குவது, அதனால்தான், மிகத் தவறான வழி.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஓட்டுநர் செய்ய வேண்டியது இயல்பான உந்துதலுக்கு நேர்மாறானது. காலால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது; ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி ஈடுகட்டவும் முயலக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டாஷ்போர்டில் இருக்கும் கேரவன் பிரேக் கட்டுப்பாட்டுக் குமிழைக் கையால் இயக்கி, கேரவனின் சக்கரங்களை மட்டும் பிடிக்கச் செய்ய வேண்டும். பின்னால் இருப்பது பிடித்து இழுக்கும்போது இணைப்பு நேராகிறது; ஆட்டம் தணிகிறது. அந்தக் குமிழ் ஓட்டுநரின் கை, பாராமலே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை வண்டியில் பொருத்தும் நாளிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது. லேண்ட் குரூசர் 300 உள்ளிட்ட புதிய வண்டிகளில் ஆட்டத்தை உணர்ந்து தாமாகவே தனித்தனிச் சக்கரங்களைப் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. அது உதவும், ஆனால் தவறாக அடுக்கிய சரக்கை அது சரிசெய்துவிடாது.

எஞ்சினின் வேலை

லேண்ட் குரூசர் 300இல் இருப்பது 3.3 லிட்டர் இரட்டை டர்போ வி6 டீசல் எஞ்சின். 227 கிலோவாட் சக்தி, 700 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), பத்து கியர்கள் கொண்ட ஆட்டோமேட்டிக். நிசான் பேட்ரோலின் ஒய்62 வகையில் 5.6 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். 298 கிலோவாட் சக்தி, 560 நியூட்டன் மீட்டர் டார்க். சக்தியில் பின்னது பெரிது. ஆனால் டீசல் எஞ்சின் தன் உச்ச டார்க்கை நிமிடத்துக்கு 1,600 சுற்றுகளிலேயே கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் அதற்கு 4,000 சுற்றுகள் வரை உயர வேண்டும். சரிவில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் மேட்டில் மெல்ல ஏறும்போதும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

வண்டியும் கேரவனும் சேர்ந்து 6,500 கிலோ இருக்கிறது. ஆறு விழுக்காடு ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை வென்று ஏறுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 85 கிலோவாட் தேவை. கேரவனின் அகன்ற முகத்தில் மோதும் காற்றுக்கும் டயர்களின் உராய்வுக்கும் இன்னும் 50 கிலோவாட் அளவில் வேண்டும். எஞ்சின் தன் சக்தியில் அறுபது விழுக்காட்டை, ஏற்றம் முடியும்வரை, விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தனியாக ஓடும் கார் இப்படிப்பட்ட உழைப்பைச் சில நொடிகளுக்கு மேல் சந்திப்பதே அரிது. இழுவையில் எஞ்சினின் உச்ச சக்தியைவிட, அந்தச் சக்தியை அரைமணி நேரம் கொடுத்தாலும் தாங்கும் குளிர்விப்பு முறை முக்கியம் என்பது இதனால்தான். பெரிய ரேடியேட்டர், கியர்பெட்டி எண்ணெய்க்கான குளிர்விப்பான், கனமான டிஸ்க் பிரேக்குகள் என்று கண்ணில் படாத இடங்களில்தான் இத்தகைய வண்டியின் விலை இருக்கிறது.

இறக்கத்தில் அதே புவியீர்ப்பு பின்னாலிருந்து தள்ளுகிறது. குவீன்ஸ்லாந்தின் டூவூம்பா மலைச்சரிவிலோ நியூ சவுத் வேல்ஸின் மவுண்ட் ஊஸ்லியிலோ இறங்குபவர்கள், சரிவு தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினையே தடையாகப் பயன்படுத்த வேண்டும். அடிவாரம்வரை பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, தேவைப்படும் கணத்தில் பிடிக்காமல் போகும்.

எரிபொருளைப் பொறுத்தவரை, 100 கிலோமீட்டருக்கு 8.9 லிட்டர் என்ற அறிவிக்கப்பட்ட கணக்கை மறந்துவிட வேண்டும். பெரிய கேரவனோடு அது இரு மடங்காவது சாதாரணம். எதிர்காற்றில் அதற்கும் மேலே போகும். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கில் கூடுவதால், 90 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் தடை ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்கிறது. லேண்ட் குரூசர் 300இல் 80, 30 என இரண்டு தொட்டிகளில் மொத்தம் 110 லிட்டர் டீசல் கொள்ளும். முந்தைய 200 வகையில் 138 லிட்டர். நல்லார்பார் சமவெளியில், பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் நீளும் சாலையில், மேற்குக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த 28 லிட்டர் வேறுபாடு சிறியதாகத் தோன்றாது.

விளம்பரங்களில் காட்டப்படும் சாகசங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006இல் வோக்ஸ்வேகன் டூவாரெக் 155 டன் போயிங் 747 விமானத்தை இழுத்தது. 2016இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட், தண்டவாளத்தில் வழிகாட்டும் சக்கரங்கள் பொருத்தப்பட்டு, சுவிட்சர்லாந்தில் நூறு டன்னுக்கு மேற்பட்ட ரயிலை இழுத்தது. அதன் சாலை இழுவை வரம்போ 2.5 டன்தான். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதற்கான தடை மிகமிகக் குறைவு. சமதளத்தில் அந்த ரயிலை உருட்டிச் செல்ல ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு இணையான இழுவிசை போதும். ஆனால் 3,500 கிலோ கேரவனைப் பத்து விழுக்காடு ஏற்றத்தில் நகராமல் நிறுத்திப் பிடிப்பதற்கே 350 கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும். இழுவை வரம்பு என்பது அசைப்பதற்கான வலுவைக் குறிப்பதன்று. நிறுத்துவதற்கும், திருப்புவதற்கும், சூட்டைத் தாங்குவதற்கும், ஆண்டுக்கணக்கில் உடையாமல் இருப்பதற்கும் சேர்த்து வைத்த எல்லை அது.

எடை மேடையில் ஒரு காலை

தாளில் போட்ட கணக்கு எடை மேடையில்தான் உறுதியாகும். லாரிகளுக்கான பொது எடை மேடைகளில் சிறு கட்டணத்துக்கு எவரும் எடை போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் புறப்படும் நிலையிலேயே, தண்ணீர்த் தொட்டிகள் நிறைந்து, குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருக்கப் போக வேண்டும். தண்ணீரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 95 லிட்டர் தொட்டிகள் இரண்டு நிறைந்தால் 190 கிலோ.

முதலில், கேரவன் மாட்டிய நிலையில் வண்டியின் முன்சக்கரங்களையும், பிறகு நான்கு சக்கரங்களையும் மேடையில் ஏற்ற வேண்டும். நான்கும் ஏறியபோது 3,240 என்று காட்டுகிறது என்று கொள்வோம். அடுத்து, வண்டி முன்னால் நகர்ந்து, கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்போது 2,790. பிறகு கேரவனைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஏற்றினால் 2,930. முதலுக்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடான 310 கிலோதான் உருண்டைமீது இறங்கும் எடை. அதைக் கேரவனின் சக்கர எடையோடு கூட்டினால் 3,100. அதுவே கேரவனின் முழு எடை. உருண்டை எடை அதில் சரியாகப் பத்திலொரு பங்கு. வண்டியின் 3,240 ஜிவிஎம்முக்கு 40 கிலோ உள்ளே இருக்கிறது. எல்லாச் சக்கரங்களின் எடையும் சேர்ந்து 6,030. ஜிசிஎம்முக்கு வெகு கீழே. முன்சக்கரங்களின் எடையைக் கழித்துப் பின் அச்சின் எடையை அறிந்து, கதவோரத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிட வேண்டும். இந்தக் குடும்பம் எல்லாவற்றிலும் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் இன்னொரு பெரியவர் ஏறினால் இருக்காது.

வரம்பை மீறினால் அபராதம் மட்டுமன்று, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமிருக்கிறது. ஆஸ்திரேலிய விதிகளின்படி, 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். ஓடும்போது கேரவன் தப்பித்தவறிக் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்கள் அந்தப் பிடி விடாமல் இருக்கும் ஏற்பாடும் வேண்டும். 2,500 கிலோவுக்கு மேல் பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு. அவற்றை இணைப்புக்குக் கீழே குறுக்காக மாட்டினால், உருண்டையிலிருந்து கழன்ற முன்தண்டு தரையில் குத்தாமல் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே கேரவன்கள் பெரும்பாலும் இலேசானவை; உருண்டை எடையும் ஐந்து முதல் ஏழு விழுக்காடு என்பதே வழக்கமான அறிவுரை. ஒரு நாட்டின் விழுக்காட்டை இன்னொரு நாட்டின் கேரவனுக்குப் பொருத்தக் கூடாது.

கொடுக்கும் பணத்துக்கு ஈடா

ஆஸ்திரேலியாவில் விலையுயர்ந்த கார்களுக்குச் சொகுசுக் கார் வரி உண்டு. 2024-25 நிதியாண்டில் சாதாரண வண்டிகளுக்கான வரம்பு 80,567 டாலர். அதற்கு மேற்பட்ட தொகையில், ஜிஎஸ்டி நீக்கிய பங்குக்கு 33 விழுக்காடு வரி. அந்த வரியைச் சேர்க்காமல் 1,40,000 டாலர் மதிப்புள்ள வண்டியென்றால், ஏறத்தாழ 17,800 டாலர் இதற்கே போகிறது. கேரவன் இழுக்கும் குடும்பத்தின் வேலைவண்டிக்கும் நகரத்துச் செல்வரின் பகட்டு வண்டிக்கும் ஒரே வரி என்பது சரியன்று என்றே நான் கருதுகிறேன். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இந்தச் செலவில் ஒரு பகுதியை மறுவிற்பனை திருப்பித் தருகிறது. லேண்ட் குரூசர் அங்கே மதிப்பை நன்றாகத் தக்கவைத்துக்கொள்ளும் வண்டி. 300 வகை அறிமுகமாகிப் புதிய வண்டிக்கான காத்திருப்பு நீண்டுபோன காலத்தில், பயன்படுத்தியவை புதிய விலையைவிட அதிகமாகவும் கேட்கப்பட்டன. அத்தகைய சூழல் நிலையானதன்று என்பதால் அதை நம்பி வாங்கக் கூடாது. ரேஞ்ச் ரோவர் இழுவையில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. 2012இல் அதன் ஒற்றைக்கூட்டு உடல் (தனி அடிச்சட்டம் இல்லாதது) அலுமினியத்துக்கு மாறிய பின்பும் 3,500 கிலோ என்ற வரம்பு அதற்கு இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதன் அமைதிக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் விலை வீழ்ச்சி வேகமாக இருக்கும். தொலைதூரச் சிற்றூர்களில் பழுதுபார்ப்போரும் உதிரிபாகங்களும் கிடைப்பது அரிது. கரையோர நகரங்களுக்குள்ளேயே பயணம் செய்பவருக்கு இது பெரிய குறையாகாது. வடமேற்கின் ஒதுக்கமான கிம்பர்லி வரை போக நினைப்பவருக்கு இதுவே முதல் கேள்வி.

காட்டுப்பாதைக்கான ஏற்பாடுகளும் இழுவையில் பயன்படுகின்றன. ஈரப் புல்வெளி முகாமிலிருந்து கேரவனை வெளியே எடுக்கும்போது நான்கு சக்கர இயக்கத்தின் அருமை தெரியும். சரிவான முகாமிடத்தில் கேரவனைப் பின்னோக்கி நுழைக்கும்போது குறைவிகித கியருக்கு மாற்றினால், வண்டி ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமலே நத்தை வேகத்தில் நகரும்; கியர்பெட்டியின் எண்ணெய் வீணாகச் சூடேறாது; ஓட்டுநருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். இது சாதாரணக் குடும்பக் கார்கள் எவற்றிலும் கிடைக்காத வசதி.

சுமக்கும் திறன் போதாது என்று தெரிந்தவர்கள் பலர் ஜிவிஎம் உயர்த்தும் சஸ்பென்ஷன் மாற்றத்தைச் செய்துகொள்கிறார்கள். வலுவான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, புதிய வரம்பைச் சான்றளித்துத் தகடு ஒட்டுவார்கள். வண்டியின் முதல் பதிவுக்கு முன்பே, உரிய அனுமதியோடு இதைச் செய்தால் அது நாடு முழுவதும் செல்லும். பதிவுக்குப் பின் செய்தால் அந்தந்த மாநில விதிகளுக்கு உட்பட்டது. ஜிவிஎம் உயர்ந்ததாலேயே ஜிசிஎம்மோ, இழுவை வரம்போ, உருண்டை வரம்போ உயர்ந்துவிடுவதில்லை. ஆகவே பழைய வண்டி வாங்குபவர், பின்னால் உயரமாக நிற்கும் புதிய ஸ்பிரிங்குகளைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், அதற்கான சான்றுத் தகடு வண்டியில் இருக்கிறதா, அதில் எந்தெந்த வரம்புகள் மாற்றப்பட்டிருக்கின்றன என்று படித்துப் பார்த்து, பிறகு கியர்பெட்டி எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். கனமான கேரவனை ஆண்டுக்கணக்கில் இழுத்த வண்டியில், சூட்டைப் பெரிதும் தாங்கியிருப்பது அந்த எண்ணெய்தான்.